கிழக்கெல்லை ஒரு வள்ளம்

நீர்வேலித் தம்பிஐயாவுக்குக் கோபம் வந்தால் வாழைக்குலை ஒரு கிழமை முந்திப் பழுக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம்தான். அவசரத்தில் கலியாணம் வைத்த வீட்டார், புகை போட நேரமில்லாவிட்டால், காய்க்குலையைக் கொண்டுவந்து அவருடைய வாசலில் சாத்துவார்கள். "பக்கத்து வளவு நமசிவாயம் உங்கடை வேலியைப் பற்றி ஏதோ சொல்லித் திரியிறார், அண்ணை" என்று ஒரு சொல் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார்கள். கதலி என்றால் அரை மணித்தியாலம் போதும். மொந்தனுக்கு இன்னும் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட மனிதர் எண்பத்துநாலாம் ஆண்டு பங்குனியில் ஒரு மோட்டர் போட் வாங்கினார்.

காரணம் இருந்தது. முந்தின வருசத்து ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு லொறிகள் தோட்டப் பக்கம் வருவது குறைந்துபோனது. அவருக்கு மிஞ்சியது ஒரேயொரு நல்ல வாடிக்கை. நயினாதீவு அம்மன் கோயில் கொடியேற்றத்துக்கு, அங்கே ஒரு மடத்துக்கு நூறு குலை. போன முறை அதைச் சனம் ஏறுகிற லோஞ்சில் அனுப்பியிருந்தார். இடமில்லாத அடியார்கள் குலைகளின் மேல் ஏறியிருந்து தேவாரம் பாடிக்கொண்டு போனதில், மடத்து வாசலில் இறங்கியது பழமல்ல, தேன் மட்டும் குறைந்த பஞ்சாமிர்தம். மடத்துக்காரர் நல்ல மனிதர். ஆனாலும் சொல்லிவிட்டார்: "இந்த முறை கொடியேற்றத்தண்டு காலமை நூறும் முழுசா வரவேணும். இல்லாட்டிக் குறை நினையாதையுங்கோ, சுன்னாகத்து யாவாரியிட்டைத்தான் எடுப்பம்."

ஜேர்மனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவன் தன் பைபர் போட்டைப் பதினைந்து குதிரைவலு மெசினோடு மலிவாய்க் கொடுத்தான். அதை உழவு மெசின் பெட்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கிய பிறகுதான் தம்பிஐயாவுக்கு ஒன்று பிடிபட்டது. நீர்வேலியில் கடல் இல்லை.

"தம்பிஐயா அண்ணை, கிணத்துக்குள்ளையோ ஓட விடப்போறியள்?" என்று வேலிக்கு மேலால் நமசிவாயம் கேட்டார்.

அன்று தோட்டத்தில் பதினொரு குலை பழுத்தது.

மனைவி குணலட்சுமி சத்தம் போடுகிறவள் அல்ல. மூன்று நாள் பொறுத்தாள். கோழி போட்டுக்குள் அடைகிடக்கத் தொடங்கிய பிறகு சொன்னாள்: "இஞ்சாருங்கோ. ஆனியிலை கொடியேற்றம். அதுக்கிடையிலை இது கடலுக்குப் போகவேணும். போகாட்டி நான் இதுக்குள்ளை மண்ணைக் கொட்டிக் கத்தரி வைச்சிடுவன்." புத்தூரில் நாற்றுக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

தம்பிஐயா இடம் தேடிப் புறப்பட்டார். பருத்தித்துறையில் இடம் இருந்தது. ஆனால் அங்கிருந்து நயினாதீவுக்குப் போவதென்றால் குடாநாட்டில் பாதியைச் சுற்ற வேண்டும், நடுக்கடலில் நேவிக்காரன் வேறு நின்றான். பட்டினத்துப் பக்கத் துறையொன்றில் கேட்ட மாத வாடகைக்கு மேல்மாடி வீடொன்றே எடுத்திருக்கலாம், குழாய்த் தண்ணீரோடு. கடைசியில் தீவுப் பக்கம் பார்த்த பனையடித்துறைக்கு வந்து சேர்ந்தார். அந்தோனியார் கோயில் மதிலில் தொடங்கி முப்பத்தொரு வள்ளம் வரிசையாய் நிற்கும் கரை. அங்கே ஆர் எங்கே வள்ளம் கட்டுவது என்று சொல்கிறவர் சங்கத் தலைவர் கனிசியஸ். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, தலை நிமிராமல் பேசுகிற மனிதர்.

"மாசம் நானூறு" என்றார் கனிசியஸ்.

"நானூறோ! என்ன காணும், நான் போட்டைக் கட்டக் கேக்கிறனோ, கரையை வாங்கக் கேக்கிறனோ?"

"நானூற்றம்பது."

"இப்பதானே நானூறெண்டீர்!"

"ஐந்நூறு. சத்தத்துக்கு ஐம்பது. மீன் கலையுது."

தம்பிஐயா மூச்செடுக்கிறதுக்கிடையில் அது எண்ணூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. மூச்செடுத்ததற்கும் ஐம்பது போட்டதாகப் பிறகு தெரியவந்தது.

"உமக்கு என்னிலை என்ன கோவம்?" என்று கேட்டார், வாழ்நாளில் முதற்தடவையாகக் குரலைத் தாழ்த்தி.

கனிசியஸ் வலையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கமக்காரன், என்ரை அப்பு முப்பது வருசம் உங்கடை ஊரிலை மீன் வித்தவர். ஒருநாளும் ஒரு வீட்டுப் படலைக்குள்ளையும் கால் வைச்சதில்லை. வைக்க விட்டதில்லை. வேலிப் பொட்டுக்குள்ளாலை மீனைக் குடுத்து, வேலிப் பொட்டுக்குள்ளாலை காசை வாங்கினவர். தண்ணி கேட்டால் சிரட்டையிலை வரும். இப்ப நீங்கள் உங்கடை படலையைத் திறந்துகொண்டு எங்கடை கரைக்கு வாறியள். நாங்கள் வேலியை எங்கை போடுறது, சொல்லுங்கோ பாப்பம்?"

தம்பிஐயா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பதில் இல்லாத கோபம் மற்றதைப்போல் இரண்டு மடங்கு. பஸ் தரிப்பில் வந்து நின்றபோது அவருடைய குடை தானாக விரிந்துகொண்டது.

பின்னால் ஒருவன் ஓடி வந்தான். கிறகோரி. முப்பது வயதுக்காரன். கோயில் மதிலோடு சேர்ந்தாற்போல் அவனுக்கு இரண்டு வள்ளம் நிற்கிற இடம் இருந்தது. ஒன்று அவனுடையது. மற்றது செத்துப்போன தகப்பனுடையது, வெறுமையாய்க் கிடந்தது.

"அண்ணை, அப்புவின்ரை இடத்தை நான் தாறன். மகளுக்கு வாற மாசம் கோயிலிலை முதல்நன்மைக் கொண்டாட்டம். பத்துக் குலை தாங்கோ, போதும். ஒரே தரம். பேந்து ஒண்டும் வேண்டாம்."

இதைவிட மலிவாய் இலங்கையில் கரை இல்லை. அந்த இடத்தில் "சரி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் கதையே இல்லை. ஆனால் தம்பிஐயா நீர்வேலியில் பிறந்தவர். உறுதிப் பத்திரம் எழுதாத இடத்தில் அவருடைய ஆட்கள் மூச்சும் விடமாட்டார்கள்.

"உறுதி முடிப்பம்" என்றார்.

"அண்ணை, எங்கடை கரையிலை எழுத்து இல்லை. வாய்ச்சொல்லுத்தான்."

"அந்த வாய்ச்சொல்லுத்தானே அரை மணித்தியாலத்திலை நானூறிலை இருந்து எண்ணூற்றைம்பதுக்கு மேலை போனது!"

உறுதி எழுதுகிற நொத்தாரிசு துரைராஜா கோட்டும் குடையுமாகக் கடற்கரைக்கு வந்தார். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். வேதாகமத்துக்கு அடுத்தபடியாக நான்கு எல்லைகளை நம்புகிறவர். மணலில் ஒரு கதிரை போட்டு, முழங்காலில் காகிதம் வைத்து எழுதினார். மேற்கு, கோயில் மதில். வடக்கு, ஒழுங்கை. தெற்கு, கடல். கிழக்கு என்று எழுதிவிட்டுப் பேனையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். கிழக்கே வேலி இல்லை, கல் இல்லை, ஒரு ஆமணக்குச் செடிகூட இல்லை. கிறகோரியின் வள்ளம் மட்டும் நின்றது.

"எல்லை எண்டால் அசையாததாய் இருக்கவேணும்" என்றார் நொத்தாரிசு.

"ஒரு மாசமாய் அசையேல்லை. ஓட்டை அடைக்க இழுத்து வைச்சிருக்கிறன்" என்றான் கிறகோரி.

ஆகவே கிழக்கெல்லை, 'செபமாலை மாதா என்னும் வள்ளம்' என்று எழுதப்பட்டது. பதினாலு அடி அகலம். இரண்டு சாட்சிக் கையொப்பம். தம்பிஐயா உறுதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு மாதத்தில் முதல் தடவையாக நித்திரை கொண்டார்.

அடுத்த நாள் அளந்து பார்த்தபோது பதின்மூன்று அடிதான் இருந்தது.

அதற்கடுத்த நாள் பதினொன்று. பிறகு ஒன்பது. கிறகோரி பூசைக்கோ கடைக்கோ போகிற நேரம் பார்த்துச் சங்கத்து ஆட்கள் அவனுடைய வள்ளத்தை மேற்கே ஒரு முழம் தள்ளிவிட்டுப் போனார்கள். மணலைக் கூட்டித் தடத்தையும் அழித்தார்கள். அவன் கத்தினான், யாரும் கேட்கவில்லை. தம்பிஐயா மணலில் குந்தியிருந்து அந்த வேலையைப் பார்த்தார். நமசிவாயத்தின் வேலியை இருபது வருசமாக இப்படித்தான் அவர் தள்ளி வந்திருந்தார், ஒவ்வொரு மாரியிலும் இரண்டு விரல், வேலிக் கதியாலின் வேருக்கே தெரியாமல். வேலை தெரிந்தவர்கள்தான் என்று ஒரு நிமிடம் மெச்சினார். அடுத்த நிமிடம் அவருக்கு வந்த கோபத்தில் துறையில் காயப் போட்டிருந்த நெத்தலி முழுவதும் கருவாடாகிவிட்டது.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, குணலட்சுமியையும் நொத்தாரிசையும் கூட்டிக்கொண்டு உழவு மெசினில் போட்டைக் கொண்டுவந்து இறக்கினார். மதிலுக்கும் கிறகோரியின் வள்ளத்துக்கும் நடுவே இரண்டரை அடி இருந்தது. ஆடு கட்டலாம்.

"இது என்ரை காணி! உறுதி இருக்கு!"

"காட்டுங்கோ" என்றார் கனிசியஸ். வாங்கி, முப்பது பேர் கேட்க உரத்து வாசித்தார். "கிழக்கு, செபமாலை மாதா என்னும் வள்ளம். கேட்டியளோ? வள்ளம் நிக்கிற இடந்தான் எல்லை. இந்தா நிக்குது. நொத்தாரிசு ஐயா, சட்டப்படி பிழையோ?"

துரைராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டப்படி சரி" என்றார். அதைச் சொல்ல அவருக்கு உடம்பெல்லாம் நொந்தது.

சனம் சிரித்தது. ஒருவன், "கமக்காரன், போட்டை நிமித்தி நாட்டிப் பாருங்கோ, கொள்ளும்" என்றான். தம்பிஐயா உறுதியைத் திருப்பி வாங்கி மடித்து இடுப்பில் செருகினார். அவர் பேசாமல் நின்றதைக் கண்டு குணலட்சுமி பயந்தே போனாள்.

ஞாயிறு காலை துறை முழுவதும் பூசைக்குப் போயிருந்தது. தம்பிஐயா உழவு மெசினோடு வந்தார். கூட நொத்தாரிசும் குணலட்சுமியும். கிறகோரி அன்று பூசைக்குப் போகவில்லை. தன் வள்ளத்தைச் சங்கத்து ஆட்கள் தள்ளித் தள்ளி விளையாடியதற்கு அவனுக்கும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. கயிறு கட்டினார்கள். செபமாலை மாதா மணலில் கிழக்கே புறப்பட்டாள். முப்பது வள்ளத்தையும் தாண்டினாள். வலை வாடியைத் தாண்டினாள். சங்கக் கட்டடம், தேத்தண்ணிக் கடை, கள்ளுத் தவறணை, கனிசியஸின் கல்வீடு, அதன் கோழிக்கூடு எல்லாவற்றையும் தாண்டிப்போய், துறையின் கடைசிப் பனைக்குக் கீழே நின்றாள்.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது, கோயில் வாசலில் தம்பிஐயா கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. பாத்துக் கால் வையுங்கோ, என்ரை காணி. கோயில் மட்டும் தப்பிச்சுது, அது மேற்கெல்லை. மிச்சமெல்லாம் எனக்குள்ளைதான். வள்ளத்துக்கு மாசம் நானூறு."

"உதென்ன விசர்க்கதை!" என்று கத்தினார் கனிசியஸ்.

"நானூற்றம்பது."

கனிசியஸின் கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்தது. அவர் ஓடிப்போய்க் கடைசிப் பனையைப் பார்த்தார், திரும்பி ஓடி வந்தார். நொத்தாரிசு நாட்குறிப்பைத் திறந்து நிதானமாய் வாசித்தார்: "வெள்ளிக்கிழமை, முப்பது பேர் முன்னிலையில், சங்கத் தலைவர் சொன்னது: வள்ளம் நிற்கிற இடமே எல்லை."

"அப்ப நான் திருப்பி இழுப்பன்!"

"இழும். நான் பேந்தும் இழுப்பன். எனக்கு உதிலை இருபது வருசப் பழக்கம்!"

"இருபது வருசமோ?" கனிசியஸ் கிட்ட வந்தார். "உமக்கு ஒரு நாள்தான் கிடக்கு. நாளைக்குக் கொடியேற்றம். உம்மடை நூறு குலையும் தோட்டத்திலை. உம்மடை போட்டு மண்ணிலை. என்ரை ஆக்கள் தூக்காமல் அது கடலிலை இறங்காது. எழுதி வையும் நொத்தாரிசு, அதையும் எழுதி வையும்!"

சரியான இடத்தில் விழுந்த அடி. இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு முட்ட நின்று மூச்சு வாங்கினார்கள். நடுவில் நின்ற வெயில்கூடக் கொஞ்சம் விலகி நின்றது.

குணலட்சுமி போட்டின் விளிம்பில் இருந்தபடி கேட்டாள்: "இவ்வளவு நாளும் சத்தம் போட்டியள். அந்த மனுசனுக்கு என்ன வேணுமெண்டு ஆரேன் கேட்டனீங்களே?"

யாரும் கேட்டிருக்கவில்லை.

கனிசியஸ் அவளைப் பார்த்தார். பிறகு மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பதினாலு அடியும் தாறன். மாசம் ஒரு குலை. அதை இஞ்சை கொண்டர வேண்டாம். நான் வந்து எடுப்பன். முன் படலையாலை."

தம்பிஐயா குனிந்து மணலில் விரலால் ஒரு கோடு கீறினார். கீறியதைக் காலால் அழித்தார். அவருடைய தகப்பனின் படலை அது, தகப்பனின் தகப்பன் போட்ட படலை. அதற்குள்ளால் ஆர் வரலாம், ஆர் வரக்கூடாது என்பதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவையில்லாதபடி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது அவருக்கு ஆரோடு கோபப்படுவது என்று விளங்கவில்லை. அதுதான் அவரை எல்லாவற்றையும்விட ஆத்திரப்படுத்தியது.

"வாங்கோ" என்றாள் குணலட்சுமி. "இண்டைக்கே வாங்கோ. குலை ஏத்தவும் ஆள் வேணும்."

உழவு மெசின் பெட்டியில் கனிசியஸ் நின்றுகொண்டே நீர்வேலிக்கு வந்தார். இறங்கி, சால்வையை உதறித் தோளில் போட்டு, முன் படலையைத் தன் கையாலேயே திறந்தார். நமசிவாயம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த தலையை எடுக்க மறந்து அப்படியே நின்றார். முற்றத்தில் போட்ட கதிரையில் கனிசியஸ் இருந்தார். வீட்டார் குடிக்கிற பித்தளை மூக்குப்பேணியில் தேத்தண்ணி வந்தது. ஆறுதலாய்க் குடித்தார். மிகவும் ஆறுதலாய்க் குடித்தார். அவ்வளவு தேத்தண்ணி அந்தப் பேணிக்குள் இருக்க வழியே இல்லை. பிறகு எழுந்து தோட்டத்துக்குள் போய், இருந்ததற்குள் பெரிய குலையில் கை வைத்தார்.

"அதில்லை!" என்று பாய்ந்தார் தம்பிஐயா. "அது அம்மாளுக்கு நேந்தது!"

"அம்மாளுக்கு நூறு கிடக்கு. எனக்கு ஒண்டு."

"கண்ணிலை பட்டதையெல்லாம் எடுக்கவோ வந்தனீர்?"

"பின்னை, நரி திண்ட மிச்சத்தை எடுக்கவோ வந்தனான்?"

ஒரு மணித்தியாலம் சண்டை நடந்தது. வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, மாறிமாறிச் சுண்ணாம்பு எடுத்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிழித்தார்கள். வேலிக்கு உள்ளே நின்று சமமாய்ச் சண்டை பிடிக்கத் தம்பிஐயாவுக்கு ஒரு ஆள் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கனிசியஸ் அந்தக் குலையைத்தான் கொண்டுபோனார்.

மறுநாள் விடிய முப்பது பேர் தோள் கொடுத்துப் போட்டைக் கடலில் இறக்கினார்கள். நூறு குலை, அதற்கு மேல் குணலட்சுமி, முன் அணியத்தில் தம்பிஐயா, மெசினில் கிறகோரி. நடுவழியில் தம்பிஐயா தானும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பிடியை வாங்கினார். பிடியை வலப்பக்கம் தள்ளினால் போட் இடப்பக்கம் போனது. "சொல்லுறதுக்கு எதிராப் போகுதே, சனியன்!" என்று அதை ஏசினார்.

"முப்பது வருசமா நான் அப்பிடி ஒண்டைத்தான் ஓட்டுறன்" என்றாள் குணலட்சுமி.

நயினாதீவு இறங்குதுறையைக் கண்டதும் மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். தீவகத்தில் உள்ள வள்ளமெல்லாம் அங்கே நின்றன. ஒன்றோடொன்று இடிபட்டு, கடலே தெரியவில்லை. மீன்கள் மூச்செடுக்க முறை வைத்து மேலே வந்துபோயின. விசிலோடு நின்ற ஒரு பொடியன் கையை ஆட்டினான்: "கட்டேலாது! கட்டேலாது! இறக்கிப்போட்டு எடுங்கோ!"

"டேய், நான் இந்த இடத்துக்கு வர நாலு மாசம் எடுத்ததடா!"

"ஐயா, எடுங்கோ! பின்னாலை லோஞ் வருது!"

குலைகள் வள்ளத்துக்கு வள்ளம், அடியார் கைக்கு அடியார் கையாய்க் கரைக்குப் போயின. குணலட்சுமியும் அப்படியே வள்ளத்துக்கு வள்ளம் தாண்டி நடந்து போனாள். மடத்துக்காரர் எண்ணினார். தொண்ணூற்றேழு.

"மிச்சம் மூண்டும் கைமாறேக்கை அடியாரின்ரை வயித்துக்குள்ளை போயிட்டுது" என்றாள் அவள். "அதுவும் அன்னதானந்தானே."

மடத்துக்காரர் ஒரு பழத்தை உரித்துப் பார்த்தார். நசியவில்லை, கறுக்கவில்லை. "வாற வருசமும் இப்பிடியே கொண்டாங்கோ" என்றார்.

அந்த நேரம் முழுவதும் தம்பிஐயா கட்ட இடமில்லாமல் இறங்குதுறைக்கு வெளியே வட்டம் அடித்துக்கொண்டிருந்தார். கொடியேறுகிற மேளம் கேட்டது. எழுந்து நின்று, கோபுரத்தைப் பார்த்து, தலைக்கு மேல் கையைத் தூக்கினார். கிறகோரி மரியாதைக்கு மெசினின் வேகத்தைக் குறைத்தான். வெகுநேரம் அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பும் அசைந்தது.

குணலட்சுமி திரும்பி வந்து ஏறினாள். அவருடைய நெற்றியில் திருநீற்றைப் பூசினாள்.

"வடிவாக் கும்பிட்டனீங்களோ?"

"எங்கை கும்பிடுறது? சண்டையெல்லோ பிடிச்சனான்."

"அம்மாளோடையோ?"

"பின்னை? சுத்திவரக் கடல் முழுக்க அவவின்ரை. ஒரு பதினாலு அடி விட மனம் வரேல்லை!" திருநீறு கண்ணில் விழுந்ததையும் துடைக்காமல் கோபுரத்தின் பக்கம் திரும்பினார். "இன்னும் முடியேல்லை, கண்டியோ. வாற வருசமும் வந்து கேப்பன்."